நொலீன் பாஸ் போடாத வேலிகள்

மொராபின் ஊரில் பாதிப் பேர் நொலீன் ஹாகர்ட்டிடம் ஒருமுறையாவது தோற்றவர்கள். கார் ஓட்டுநர் உரிமத் தேர்வை அங்கே பல வருடம் நடத்தியவள் அவள்தான். பால் பல் விழும் வயதிலிருந்து அப்பாவின் டிராக்டரை ஓட்டி வளர்ந்த பையன்களை எல்லாம், திரும்பும்போது தோளுக்குப் பின்னால் பார்க்கவில்லை என்று சொல்லி வீட்டுக்கு நடக்கவிட்டாள். ஊரில் இருந்ததே ஒரு ரவுண்டானா. அதிலேயே ஒரு தலைமுறையைக் கவிழ்த்தாள். "நான் தோக்கடிச்சவன் ஒருத்தனும் ரோட்ல சாகல" என்று மார் தட்டிக்கொள்வாள். அவளிடம் பாஸ் ஆனவர்களில் சிலர் செத்ததைப் பற்றி அவளிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

அவள் ஓய்வு பெற்றதும் ஊர் கொஞ்ச காலம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஆனால் விதி யாரை விட்டது? ஊருக்கு வெளியே பந்தய நாய் வளர்த்த ஆசாமி ஒருவர், ஒருநாள் கூண்டுகளைத் திறந்து போட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டிவிட்டார். எலும்பும் தோலுமாய் முப்பது சொச்சம் கிரேஹவுண்டுகள் நெடுஞ்சாலையில் நின்றன. அவற்றைப் பிடித்துக் கண்காட்சி மைதானத்துக் கோழிக் கொட்டகையில் அடைத்தார்கள். யார் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். எல்லோரும் அவரவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். நொலீன் கையைத் தூக்கினாள்.

வேலையை அவள் நன்றாகவே செய்தாள், அதை மறைத்தால் பாவம். பந்தய நாய்க்கு ஓடத் தெரியும், படுக்கத் தெரியும், அவ்வளவுதான். வீடு என்ற ஒன்றை அது கண்டதே இல்லை. கண்ணாடிக் கதவில் போய் முட்டும். வழவழப்பான தரையில் கால் வைத்தால் நாலு காலும் நாலு திசைக்குப் போக, அங்கேயே நின்று அழும். படிக்கட்டு அதற்கு இமயமலை. குப்பை மேட்டிலிருந்து நொலீன் ஒரு கண்ணாடிக் கதவைக் கொண்டுவந்து, குறுக்கே நாடா ஒட்டிக் கொட்டகை நடுவில் நிறுத்தினாள். சமையலறைத் தரை விரிப்பைப் போட்டு நடக்கப் பழக்கினாள். சாசேஜ் துண்டைக் காட்டி, ஒவ்வொரு காலாகத் தன் கையால் எடுத்து வைத்துப் படி ஏற்றினாள். கடைசியில் பூனைத் தேர்வு. கூண்டுக்குள் பக்கத்து வீட்டுப் பூனை உட்கார்ந்து சீறும். நாய் அதை முறைக்காமல் கொட்டாவி விட்டால் பாஸ்.

நாய்கள் எல்லாம் பாஸ் ஆகிவிட்டன. மனிதர்கள்தான் லேசில் ஆகவில்லை.

நாய் கேட்டு யார் வந்தாலும் அவள் முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும். வருவாள், உட்காருவாள், கொடுத்த கேக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள், பிறகு எழுந்து போய் வேலியைத் தோளால் ஒரு தள்ளு தள்ளுவாள். வேலி ஆறடி இருக்க வேண்டும், அடியில் சந்து இருக்கக் கூடாது, பகலெல்லாம் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இறைச்சிக் கடைக்காரர் ஃபெயில், ஏனென்றால் நாய் கொழுத்துவிடும். பாதிரியார் ஃபெயில், ஏனென்றால் சாவு விழுந்தால் வீட்டில் தங்கமாட்டார். பக்கத்து ஊரில் வேலை பார்க்கும் சொந்த மகள் டெனீஸும் ஃபெயில். "பகல் முழுக்க நீ ஆபீஸ்ல. நாய் சுவத்தோடயா பேசும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து மகள் ஃபோனில் ஆம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கெவ் சாட்லர் கதை இன்னும் வேடிக்கை. வேலி போடுவதுதான் அவன் தொழில். பதினேழு வயதில் அவளிடம் இரண்டு முறை தோற்றவன். நாற்பது வயதில் நாய் கேட்டான்.

"என்ன கெவ் இது?" என்று தோட்டத்தில் நின்று கேட்டாள் நொலீன்.

"வேலி, மிஸஸ் ஹாகர்ட். நானே போட்டது. இந்தச் சுத்துவட்டாரத்துல பாதி வேலி என் கை வேலைதான்."

"ஆட்டுக்குப் போட்ருக்க. ஆடு கம்பியப் பாத்தா நிக்கும். இது முயலப் பாத்தா கம்பியவா பாக்கும்? ஃபெயில்."

"கேக் எப்படி இருந்துச்சு?" என்று உள்ளேயிருந்து கெவ்வின் மனைவி ஷெரில் குரல் கொடுத்தாள்.

"கேக் பாஸ்."

கெவ் சளைக்கவில்லை. ஆறடிக்கு வேறு வேலி போடும்வரை இருக்கட்டும் என்று கொட்டகையில் நாய்க் கழிவு அள்ள வந்து சேர்ந்தான். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். சும்மா ஒப்புக்குச் சப்பாணியாக.

இப்படியே போய், இருபதுக்கு மேல் நாய்கள் மிச்சமிருக்கும்போதே ஆண்டுக் கண்காட்சி நெருங்கிவிட்டது. கமிட்டித் தலைவர் கிரேம் டல்லக் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"நொலீன், இன்னும் மூணு வாரத்துல கண்காட்சிக் கோழிங்க வந்துரும். அதையெல்லாம் எங்க வைப்பேன், என் மடியிலயா?"

"நல்ல வீடு கிடைக்கட்டும்."

"இந்த ஊர்ல நல்ல வீடே இல்லன்னு சொல்ற. சரி, கண்காட்சிக்கு முந்தின நாள் மிச்சத்த நகரத்துல நாய் அடைக்கிற கூடத்துக்கு ஏத்தி அனுப்பிருவேன். அப்புறம் என்னைத் திட்டாத."

அந்தக் கூடத்துக்குப் போன நாய் திரும்பி வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அது நொலீனுக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள் இன்னும் இரண்டு வீடுகளை ஃபெயில் ஆக்கினாள்.

மிச்சமிருந்தவற்றில் டிரெவ் என்று ஒரு கிழட்டு நாய். ஒரு காதில் பாதி இல்லை. ஒரு பந்தயத்திலும் ஜெயித்ததில்லை. அதை யார் கேட்டாலும் "அவன் இன்னும் தயாராகல" என்பாள். கொட்டகையிலேயே முதலில் படியேறியவன் அவன்தான் என்பது கெவ்வுக்குத் தெரியும். அவளுடைய மதியச் சாண்ட்விச்சில் பாதி எங்கே போகிறது என்பதும் தெரியும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ரேடியோவோடு பேசிக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். டிரெவ் வேண்டும் என்ற ஆசை அவளை அரித்துத் தின்றது. வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை.

ஒருநாள் காலையில் கழிவு வாளியோடு நின்றவனைக் கூப்பிட்டாள். "கெவ், ஒரு வீடு பாக்கணும். நீதான் பாக்கணும்."

"யாரு வீடு?"

"ஏறு, சொல்றேன்."

கார் அவள் வீட்டு வாசலிலேயே போய் நின்றது. தன் வீட்டுக்குத் தானே பாஸ் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது அவளே வைத்த சட்டம்.

கெவ் தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். "பாஸ், மிஸஸ் ஹாகர்ட். வாழ்த்துக்கள்."

"என்னடா பாஸ்? வேலியத் தள்ளவே இல்லையே! இப்படித்தான் கத்துக்கிட்டியா? ஒழுங்காப் பாரு!"

அவன் ஒழுங்காகப் பார்த்தான். தோளால் தள்ளினான், வேலி அசையவில்லை. குனிந்து அடியில் சந்து தேடினான், இல்லை. உள்ளே போனான். மேஜையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. அவள் கேக் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

"பகல்ல வீட்ல யார் இருப்பா?"

"ஏன், நான்தான்."

"நீங்களா? விடியும்போது கொட்டகை. அப்புறம் ஒருத்தன் வேலி. மத்தியானம் இன்னொருத்தன் வேலி. இருட்டினாத்தான் வீடு. மூணு மாசமா உங்ககூடவேதான் சுத்தறேன், எனக்குத் தெரியாதா?"

நொலீன் கேக் தட்டை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"ஃபெயில்" என்றான் கெவ். அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எத்தனை வருடம் கனவு கண்டிருப்பான்! சொல்லியும் ஆகிவிட்டது, ஆனால் அது இனிக்கவில்லை. சொந்த அம்மாவைக் கைநீட்டி அடித்துவிட்டது போல் இருந்தது.

"சரிதான்" என்றாள் அவள். "டெனீஸை இதுக்குத்தானே ஃபெயில் ஆக்கினேன்." பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கு அவன் வேணும், கெவ்."

அவள் யாரிடமும் எதையும் கேட்டு அவன் பார்த்ததில்லை.

"அப்போ வீட்ல இருங்க."

"கொட்டகைய யாரு பாக்கறது, நீயா? சாவி உன் கைக்கு வந்தா வர்றவன் போறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துருவ!"

"ஆமா, குடுத்துருவேன்."

"கறிக்கடைக்காரனுக்குமா?"

"அவருக்கு ரெண்டு."

நொலீன் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றினாள். நீட்டினாள். கெவ் பிடித்து இழுத்தான், அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

கோழிகள் வருவதற்கு முன்பே கொட்டகை காலியாகிவிட்டது. டெனீஸுக்கும் கெவ் ஜோடியாகவே கொடுத்தான், ஒன்றுக்கொன்று துணை என்று. கண்காட்சி நாளில் ஊரே நாயும் கையுமாக வந்தது. பாதிரியாரின் நாய் கேக் கடை மேஜைக்கு அடியில் தூங்கியது. கிரேம் டல்லக் ஒலிபெருக்கியில் கெவ்வுக்கு நன்றி சொன்னார், ஊர் கைதட்டியது. நொலீன் பெயரை யாரும் சொல்லவில்லை.

அவள் டிரெவ்வோடு ஆட்டுப் பட்டி ஓரமாக நின்றிருந்தாள். எதிரே ஒருத்தன் தன் நாயை வைக்கோல் கட்டும் கயிற்றால், அதுவும் கழுத்துப்பட்டை இல்லாமல், நேராகக் கழுத்தில் சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தான். நொலீனுக்கு ரத்தம் கொதித்தது. வாயைத் திறந்து ஒரு அடி எடுத்து வைக்கப் போனாள். அதே நேரத்தில் டிரெவ் தன் முழு எடையையும் அவள் காலில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். நம்பிய ஆள் மேல் மட்டும்தான் அந்த ஜாதி நாய் அப்படிச் சாயும். அவள் நகர்ந்தால் அவன் விழுந்துவிடுவான்.

"என்ன நொலீன், எப்படி இருக்க?" என்று எதிரே இருந்து கத்தினான் கயிற்றுக்காரன்.

"நல்லா இருக்கேன்" என்றாள் நொலீன், நின்ற இடத்திலேயே நின்றபடி.