மெத்தைக் கடைக்கு மாட்டேன் என்றவள்

என் மனைவியைப் போன்ற பயந்தாங்கொள்ளி ஊரிலேயே கிடையாது. வாசல் மணி அடித்தால் என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். கடைகளுக்கு விளம்பரம் எழுதித் தருவது அவள் பிழைப்பு. படம் போடுவது நான். எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளும் முன் அந்தக் கடையில் ஒரு நாள் முழுக்க, வாங்க வந்தவள் மாதிரி உட்கார்ந்துவிட்டு வருவாள். பிடித்தால்தான் எழுதுவாள். "வீடு தேடி வந்ததை விரட்டுறியே" என்று நான் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

மெத்தைக் கடைக்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டாள். அவள் தம்பி அங்கே மூன்று வருஷமாக விற்பனையாள். அவன்தான் முதலாளியிடம் எங்களைச் சொன்னான். நம்ம பிள்ளை இருக்கிற இடத்தை என்ன பார்க்கிறது என்று இருந்துவிட்டாள். அப்புறம் மனசு கேட்காமல் ஒரு நாள் போய், அடுக்கிவைத்த மெத்தைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"கடைக்கு வந்தவங்க வாங்காம போயிட்டா, மெத்தை காட்டின பையன் அடுத்த ஆள் வாங்குற வரைக்கும் நின்னே இருக்கணுமாம். தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம். தம்பி காலையிலிருந்து நின்னான். நான் இருந்ததை அவன் பார்க்கலை."

"எழுதலன்னா அவன் வேலை போயிடும்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு."

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முதலாளியைப் பார்க்கக் கடைக்குப் போனோம். மாடிப்படியில் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேலே அறையில் முதலாளிக்குப் பக்கத்தில் தம்பி, மெத்தை உறைத் துணிகளை ஏந்தி நின்றிருந்தான்.

"உங்க வேலையை எங்களால செய்ய முடியாது சார்." சொன்னது என் மனைவிதான். "நமக்குள்ள ஒத்துவராது."

"யோசிச்சுத்தான் பேசுறீங்களா?" தம்பியை அவர் ஒரு பார்வை பார்த்தார். "இவன் பிழைப்பும் இங்கதான் இருக்கு."

"தெரியும் சார்." எழுந்தவள் நாற்காலியில் இடறினாள். தம்பி முகத்தை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பாதிப் படியில் பின்னால் செருப்புச் சத்தம். "திட்டப் போறான்" என்றாள் என்னிடம், திரும்பாமலே.

தம்பி சாப்பாட்டு டப்பாவும் கையுமாக மூச்சிரைக்க வந்து நின்றான்.

"நீ எனக்கும் சேர்த்துச் சொன்னதா எடுத்துக்கிட்டு வந்துட்டேன்க்கா" என்றான். "வேலை வேண்டாம்னு சொல்ல மூணு வருஷமா எனக்கு வாயே வரலை."