கூப்பிட்டும் எழும்பாதவள்

அண்ணை லண்டனிலிருந்து வந்த கிழமையே, ஐயாவைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தத் தீவில் எங்கள் ஊர் நாரந்தனை. அங்கே எங்கள் வீட்டு வளவில் இப்போது பனை வடலிகளும் ஒரு தூர்ந்த கிணறும்தான் மிச்சம். அண்ணை போக விரும்பியது அங்கே அல்ல. அதற்குக் கொஞ்சம் தள்ளி, வெளிநாட்டில் உழைத்துத் திரும்பிய ஒருவர் தன் காணியில் பழைய கிராமம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். மண்வீடுகள், துலாக் கிணறு, மாட்டுவண்டில், செக்கு எல்லாம் உண்டு. ரிக்கெற் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்க்கலாம்.

“பழசைக் கண்டால் ஐயாவுக்கு ஞாபகம் திரும்பும்,” என்றார் அண்ணை.

ஐயாவுக்கு ஞாபகம் திரும்பவேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. மறதி வந்தபின் அவர் என் பெயரை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். ஆனால் அம்மா செத்ததையும் மறந்தார். போரில் தீவை ஆமி பிடித்த அன்று, ஐயா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா பின்னால் நின்றார். அவர் நின்ற பக்கம் செல்குண்டு விழுந்தது. எங்களால் திரும்பிப் போக முடியவில்லை. அதன்பிறகு எத்தனையோ வருடங்கள், பாதிச் சாப்பாட்டில் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு ஐயா எழுந்து போயிருக்கிறார். மறதி வந்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. “கொம்மா தமக்கை வீட்டை போயிட்டா. பொழுதுபட வந்திடுவா,” என்பார். நானும் “ஓம் ஐயா” என்பேன்.

இதை அண்ணையிடம் சொன்னேன். அம்மா சாகும்போது அவர் ஏற்கெனவே வெளிநாட்டில் இருந்தவர். அந்த நாளைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

“நீ பொத்திப் பொத்தி வைச்சுத்தான் அவர் இப்பிடி ஆனவர்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வாடகை வான் பிடித்துப் போனோம். ஐயா, அண்ணை, அண்ணையின் மனைவி மச்சாள், நான். அங்கே சனம் நிறைய. முதல் மண்வீட்டின் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே சீமெந்தில் செய்த ஒரு பெண், திருகைக்கு முன்னால் குந்தியிருந்தாள். உண்மையான சேலைதான் உடுத்தியிருந்தாள். ஒரு கை திருகைப் பிடியில், மற்றக் கை மடியில். முகத்தில் பூசிய மஞ்சள் அங்கங்கே உரிந்திருந்தது.

ஐயா வாசலில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். அங்கே விரித்திருந்த பாயில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

“ஐயா, உள்ளை போகேலாது,” என்று காவலுக்கு நின்றவர் ஓடிவந்தார்.

“கொஞ்சம் விடும். என்ன செய்யிறார் எண்டு பாப்பம்,” என்று அண்ணை அவரை மறித்தார். மறு கையில் போன் படம் எடுக்கத் தொடங்கியிருந்தது.

ஐயா சீமெந்துப் பெண்ணைப் பார்த்தார். “இஞ்சாரும், ஆக்கள் வந்திருக்கினம். தேத்தண்ணி ஊத்தும்,” என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணைக்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. போனை மச்சாளிடம் கொடுத்துவிட்டுச் சுவரின் மறுபக்கம் போய், குரலைப் பெண்குரலாக்கி, “சீனி முடிஞ்சுதப்பா!” என்றார்.

ஐயாவின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவரிடம் கண்டதே இல்லை. “பரவாயில்லை. பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிப்பினம்,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எங்கை போனனீர் இவ்வளவு நாளும்?” என்று கேட்டார்.

“அக்கா வீட்டை!” என்றார் அண்ணை. நான் அவரிடம் சொன்னதிலிருந்து எடுத்த சொல் அது. மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

“காணும் அண்ணை, நிப்பாட்டுங்கோ,” என்றேன்.

“அவர் சந்தோஷமாத்தானே இருக்கிறார். உனக்கென்ன?”

கொஞ்ச நேரத்தில் மச்சாளுக்குப் பசித்தது, வெயிலும் ஏறியது. ஐயா எழும்ப மாட்டேன் என்றார். “நீங்கள் போங்கோ தம்பி. இது என்ரை வீடு,” என்று அண்ணைக்கு மரியாதையாகச் சொன்னார். காவலுக்கு நின்றவர் சத்தம் போடத் தொடங்கினார். நான் கையைப் பிடித்தேன், உதறினார்.

அப்போதுதான் அண்ணை கைதட்டிக் கத்தினார்: “ஐயா, ஆமி வாறான்! வெளிக்கிடுங்கோ!”

ஐயா துள்ளி எழுந்தார். வாசலைப் பார்க்கவில்லை. சீமெந்துப் பெண்ணிடம் போனார். “எழும்பும், எழும்பும். மாடு கிடக்கட்டும்,” என்று அவளுடைய மடியிலிருந்த கையைப் பிடித்து இழுத்தார். அவள் எப்படி வருவாள்? இரண்டு கையாலும் இழுத்தார். “என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? இந்த முறை விட்டிட்டுப் போகமாட்டன்!” சீமெந்து வெடித்து, மணிக்கட்டிலிருந்து கை கழன்று வந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

ஐயா கையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு கத்தினார். சிரித்துக்கொண்டு நின்ற சனம் விலகிப் போனது.

நானும் காவலாளுமாகத்தான் அவரைத் தூக்கி வானில் ஏற்றினோம். உள்ளங்கையில் கம்பி கீறி இரத்தம் வந்தது. அண்ணை முன் இருக்கையில் ஏறி, “அது பொம்மை ஐயா, வெறும் பொம்மை,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயா என்னிடம்தான் கேட்டார்: “அவ வரேல்லையே?”

நான் வழமைபோல, “தமக்கை வீட்டை போயிட்டா ஐயா,” என்றேன்.

“பொய் சொல்லாதை,” என்றார்.

அண்ணை லண்டனுக்குத் திரும்பிய பிறகு, தேத்தண்ணிப் பகுதியை மட்டும் வெட்டிப் பேஸ்புக்கில் போட்டார். அப்பாவின் அன்பைப் பார்த்துக் கண் கலங்கியதாகப் பலர் எழுதினார்கள். அதை எடுத்துவிடும்படி போனில் கேட்டேன்.

“எல்லாரும் நல்லாத்தானே சொல்லுகினம்,” என்றார். “அதுசரி, ஐயாவுக்கு ஏதும் முன்னேற்றம் கிடக்கே?”

அடுத்த அறையில் ஐயா இருந்தார். இப்போது அவருக்கு என்னைத் தெரியாது, வீட்டைத் தெரியாது, சோற்றைக் கண்டால் அது என்னவென்று தெரியாது. அவரிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் அழத் தொடங்குவார். முகம் கழுவ வரும் என்னை யாரோ அயலாள் என்று நினைத்து, “பிள்ளை, நான் அவவை விட்டிட்டு ஓடி வந்திட்டன்,” என்று அப்போதுதான் நடந்ததுபோலச் சொல்வார்.