காதுக்காரரும் காற்றுப்பெட்டியின் இரண்டு மூடிகளும்

என் அக்காவின் கணவர் ஒரு பைக் பட்டறையில் மேஸ்திரி. ஓடும் எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆகவே 'காதுக்காரர்' என்றே அவருக்குப் பெயர். கழற்றிப் பார்ப்பதை அவமானமாகக் கருதினார். ஒருமுறை அவர் சொல்லைச் சந்தேகித்து ஸ்க்ரூடிரைவரை எடுத்த பிட்டருக்கு முன்பல் இரண்டு போயின. என் அக்காவுக்கு இடது காது கேட்காது. திருமணத்துக்கு முன் கேட்டது.

நானும் அங்கே ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். சர்வீஸ் புத்தகங்களைப் படித்துத் தொழில் கற்றவன். கழற்றிய பாகம் எதுவானாலும் தாளில் சுற்றித் தேதி எழுதி வைப்பேன்.

"பொணத்தக் கட்டுற மாதிரி கட்டுறான் பாரு" என்று மாமா சிரிப்பார்.

மேட்டில் ஏறும்போது என் வண்டி காற்று போதாமல் மூச்சு வாங்கியது. கடையில் விற்கும் கூம்பு ஃபில்டரை மாட்டினால் மழையில் தண்ணீர் குடிக்கும். எனவே கம்பெனிப் பாகங்களைக் கொண்டே வழி தேடினேன். காயலான் கடையில் அதே மாடலின் காற்றுப்பெட்டி மூடிகள் இரண்டு கிடைத்தன. ஃபில்டர் இருக்கும் அந்தப் பெட்டியின் மூடிக்கு மூக்கு போல ஒரு ரப்பர் குழல் உண்டு. காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகும். ஒரு மூடியில் இரண்டாவது துளையிட்டு, மற்றதன் மூக்கை அதில் செருகி, இரு மூக்குகளையும் பாதியாக நறுக்கினேன். ஃபில்டர் பழையதே. கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் மெயின் ஜெட் மட்டும் ஓர் அளவு பெரியது. வண்டியோடு வந்த மூடியைத் தாளில் சுற்றி, காயலான் கடைச் சீட்டையும் சேர்த்துப் பட்டறையில் என் பெட்டிக்குள் வைத்தேன்.

மறுநாள் காலை வண்டி உறுமிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தது. அன்றுதான், வாடிக்கையாளர் ஒருவரின் பெரிய இருபத்தாறு எம்எம் கார்புரேட்டரைக் காணவில்லை என்று முதலாளி புகார் எழுதிக்கொண்டிருந்தார். சந்தேகப்படும் ஆளின் பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஆஃப் பண்ணு மாப்ள" என்றார் மாமா. "எங்கேர்ந்து எடுத்த?"

"எதை மாமா?"

"இருபத்தாறு எம்எம் சத்தம் இது. என் காதுலயே பூ சுத்துறியா?"

"மூடிதான் மாமா மாத்தியிருக்கேன். நாலு ஸ்க்ரூ, கழட்டிப் பாருங்க."

"கழட்டிப் பாக்குறதெல்லாம் உன்ன மாதிரி ஆளுங்களுக்கு. எனக்குக் கேக்குது."

முதல் அடி தாடையில் விழுந்தது. வண்டியோடு சாய்ந்தேன். முழங்காலால் என் மார்பை அழுத்திக்கொண்டு, என் வலது கையைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் விரித்துப் பிடித்தார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் மூன்று முறை இறங்கியது. மோதிர விரல் பின்பக்கமாக மடங்கிக் கிடந்ததைப் பார்த்தபோது அது என்னுடையதாகவே தோன்றவில்லை.

"சொல்லு மாப்ள" என்றார், குரலை உயர்த்தாமல். "அடுத்தது கட்டை விரல்."

"மேஸ்திரி, கொன்னு கின்னு தொலைக்காதய்யா" என்றார் முதலாளி. என் பெயரின் முதல் எழுத்தை அதற்குள் எழுதிவிட்டிருந்தார்.

"ஐயா, அஞ்சு நிமிஷம் குடுங்க. அப்புறம் மீதியை எழுதுங்க" என்றேன்.

முதலாளி கைகாட்டியதும் மாமா பிடியை விட்டார். என் பெட்டியிலிருந்து பழைய மூடியை எடுத்தேன். தேதியின் மேல் ரத்தம் சொட்டியது. இடது கையால் நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியை மாற்றி மாட்டினேன். பெரிய ஜெட்டால் சற்றுத் தடுமாறினாலும் எஞ்சின் ஓடியது. உறுமல் இல்லை. தெருவில் போகும் எந்த வண்டியும் போடுகிற சத்தம்தான்.

முதலாளி பேனாவை மூடினார். "இருபத்தாறு எம்எம் எங்கய்யா போச்சு?"

பல் போன பிட்டர் சிரித்தான். பல் இல்லாத இடைவெளியில் காற்று விசிலடித்தது. "ரெண்டு மூக்கக் கேட்டுட்டுக் கார்புரேட்டர்னுட்டாரு. அண்ணே, காதுல பூ நல்லாத்தான் இருக்கு."

மாமா சுத்தியலை எடுத்து, நான் செய்த மூடியை நான்கே அடியில் தூளாக்கினார். ஐந்தாவது அடி என் தலைக்கு வந்தது. பிட்டர் குறுக்கே பாய்ந்ததில் அது அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நான்கு பேர் சேர்ந்து மாமாவைத் தரையில் அழுத்திப் பிடித்தார்கள். அப்போதும் அவர் பார்வை ஓடிக்கொண்டிருந்த என் வண்டியின் மேலேயே இருந்தது.

முதலாளி கிழித்தெறிந்த புகாரின் இரு பாதிகளும் என்னிடம் உள்ளன. மாமாவிடம் எழுதி வாங்கிய தாளும் உள்ளது: 'சத்தத்தை வைத்துச் சொன்னேன். கழற்றிப் பார்க்கவில்லை.' பத்து நாள் கழித்து அந்தக் கார்புரேட்டர் ஒரு பெயின்ட் டப்பாவில், மண்ணெண்ணெயில் கிடந்தது. சுத்தம் செய்ய ஊறப்போட்டு மறந்தவர் மாமாவே.

அடிபட்ட மறுநாளே மருத்துவமனைக்கு அக்கா வந்திருந்தாள். நல்ல காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, மாமா எழுதிய தாளை இரண்டு முறை படித்தாள்.

"ஸ்டேஷனுக்கு எப்ப போற?"

"நாளைக்கு."

ரவிக்கைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். காது டாக்டர் எழுதிக்கொடுத்தது. ஒன்பது ஆண்டுப் பழையது.

"இதையும் தாள்ல சுத்தி எடுத்துட்டு வாடா. தேதி போட்டிருக்கு. நானும் வரேன்."