கல்லோடு வந்த விருந்தாளி

பேசாதே என்று உதட்டில் விரலை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் சிவப்பு டார்ச்சைக் கண்ணாடித் தொட்டியின் மேல் சாய்த்துப் பிடிக்கிறார். பட்டப்பகல்தான், ஜன்னல்களில் போர்வை தொங்குகிறது. வெள்ளை வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பவை ஒளிந்துகொள்ளுமாம்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எங்கள் குடியிருப்பு அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. உப்புநீரில் மீன் வளர்ப்பவர்கள் வீட்டில் அழையா விருந்தாளி எது தலைகாட்டினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். தொட்டிக்குள் வைக்கும் கடல் கல்லின் பொந்துகளில் எதெது ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவருக்கு அத்துப்படி. "இது சாதுவான நண்டு, இருந்துட்டு போகட்டும். டொக்கு டொக்குன்னு சத்தம் போடுறது இறால், பயப்படாதீங்க." நத்தைக்குக்கூட மரியாதைதான்: "ஐயா தூங்குறாரு." ஒன்றே ஒன்றுக்கு மட்டும் குரல் தாழும். "புழு தெரிஞ்சா இழுத்துடாதீங்க. அறுந்தா ரெண்டு துண்டும் உயிரோட திரியும்."

ஊருக்கெல்லாம் சொன்னவர், தன் வீட்டில் இழுத்துவிட்டார்.

அவர் மனைவி ஆசையாக வளர்த்த ஆரஞ்சு மீன் ஜோடியில் ஒன்றைக் காணவில்லை. முள்கூட மிஞ்சவில்லை. இன்று நான் பக்கத்தில் நிற்கும்போதே, கல்லுக்கடியிலிருந்து மினுமினுவென்று ஒரு புழு நீண்டது. ஆத்திரத்தில் இடுக்கியால் பிடித்து இழுத்தார். சட்டென்று அது அறுந்து பிடி தளர்ந்தது. கலங்கிய மணல் அடங்கியபோது இடுக்கியிலும் தண்ணீரிலும் ஒன்றுமே இல்லை.

சமையலறையிலிருந்து மனைவி வந்தார். "எடுத்துட்டீங்களா?"

"பாதி செத்துடுச்சு. மீதி உள்ள கெடக்கு."

"இதுவும் போச்சுன்னா நான் தாங்க மாட்டேங்க." அவர் தொட்டிக் கண்ணாடியில் விரல் வைத்ததும், மிஞ்சிய மீன் ஓடிவந்து அதை முட்டியது.

"மீன வேற தொட்டிக்கு மாத்திடலாமே அண்ணே?" என்றேன்.

"கல்ல நகத்தாம மீன புடிக்க முடியாது. நகத்துனா புழு கலைஞ்சு வெளிய வந்துடும். அதுக்கு வயிறு நெறஞ்சிருந்தா மீன் பக்கம் போகாது."

இறால் துண்டு ஒன்றைக் குச்சியில் குத்திப் பொந்தருகே நீட்டினார். உள்ளிருந்து ஏதோ வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டது. அந்த மட்டும் நிம்மதி என்று மனைவி சமையலறைக்குத் திரும்பினார்.

மனைவியின் காலடிச் சத்தம் ஓயும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், இன்னொரு துண்டைக் குத்தித் தொட்டியின் மறுமூலையில் இருந்த இன்னொரு பொந்துக்குக் கொண்டுபோனார்.