மூன்று தரம் கேட்கப் படித்தவள்

மினசோட்டாவின் வடமேற்கு மூலையில் லைல் ஹௌகனுக்கு டிராக்டர் பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. பிரிட்டா என்று ஒரு மகளும் இருந்தாள். கடையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். முதன்மைப் பாடம் எதுவென்று மார்ச் முதல் தேதிக்குள் படிவத்தில் எழுதித் தர வேண்டும். அவள் மனமோ சமூகவியலில் போய் விழுந்திருந்தது.

"அக்கவுண்டிங் படிச்சா கணக்குப் பார்க்கலாம். நர்ஸிங் படிச்சா ஊசி போடலாம். இதைப் படிச்சு என்ன பண்ணுவே?" என்றார் லைல், ஸ்பானரைத் துடைத்தபடி.

"மனுஷங்க ஏன் இப்படி நடந்துக்கறாங்கன்னு புரிஞ்சுக்கலாம்ப்பா."

"அதுக்கு எவன் சம்பளம் தருவான்? நம்ம ஊர் காபிக் கடையில அதை எல்லாரும் சும்மாவே பண்றாங்க."

கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று: மார்ச் ஒன்றுக்குள் ஒரே ஒரு வேலையைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் அக்கவுண்டிங்.

கல்லூரியின் வேலை ஆலோசகரிடம் போனாள். "நானும் சமூகவியல்தாம்மா" என்று அவர் துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார். "ஆனா இந்த நாற்காலி இன்னும் இருபது வருஷத்துக்குக் காலியாகாது." இருந்தும் மனம் இரங்கி, மாவட்ட முதியோர் நல அலுவலகத்துக்கு வாரம் இரண்டு நாள் எடுபிடி வேலைக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே தலைமை, ரொசாலிந்த் ட்ரெவினோ. டெக்சாஸிலிருந்து வந்து ஒரு குளிர்காலம்கூட முடியாதவர். வீட்டுக்கே மதியச் சாப்பாடு வேண்டுமா என்று ஐம்பத்து மூன்று முதியவர்களிடம் போனில் கேட்டிருந்தார். வேண்டும் என்றவர்கள் இரண்டு பேர். இருவரும் சிகாகோவிலிருந்து குடிவந்தவர்கள்.

"யாருக்கும் தேவையில்லை. சாப்பாட்டு வேனை நிறுத்திடலாம்னு எழுதப்போறேன்" என்றார் ட்ரெவினோ.

பட்டியலில் ஆர்டிஸ் ஸ்வென்சன் பெயருக்கு நேரே 'வேண்டாம்' என்றிருந்ததை பிரிட்டா பார்த்தாள். நவம்பரில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து வெறும் ரொட்டியில் காலம் தள்ளுபவர்.

"மிஸ் ட்ரெவினோ, எத்தனை தரம் கேட்டீங்க?"

"ஒரு தரம். எல்லாருக்கும் காது நல்லாவே கேட்குது."

"ஒரு தரம் கேட்டதுக்கே சரின்னு சொன்னா, சோத்துக்கு அலையறவங்கன்னு ஊர் நினைச்சுக்காதா?" என்று பிரிட்டா போனை எடுத்தாள்.

"மிஸஸ் ஸ்வென்சன், மதியச் சாப்பாடு கொண்டாந்து தரட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்மா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"சிரமம் ஒண்ணுமில்லை. வேன் உங்க வழியாத்தான் போகுது."

"வேண்டாம், வேண்டாம். என்னைவிடக் கஷ்டப்படறவங்களுக்குக் குடு."

"நிறையச் சமைச்சுட்டாங்க. மிஞ்சினா வீணாத்தான் போகும்."

"வீணாப் போகும்னா... சரி, ஒரு சின்னத் துண்டு. மேல உருளைக்கிழங்கு வெச்சு அடுப்புல வேக வெச்ச ஹாட்டிஷ் கறியா?"

"ஆமா."

"அப்ப ரெண்டாக் குடு. ராத்திரிக்கும் ஆச்சு."

ஐம்பத்தொரு பேரிடமும் மறுபடி கேட்டார்கள். மூன்றாம் தரத்தில் நாற்பத்து மூன்று பேர் சம்மதித்தார்கள். நான்காம் தரம் வரை தாக்குப்பிடித்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற பாதிரியார். வேன் பிழைத்தது.

பிப்ரவரி கடைசி நாள் மாலை ட்ரெவினோ அவளைக் கூப்பிட்டார். "படிச்சு முடிச்சதும் இங்கேயே வேலைக்கு வந்துடு. உனக்கு இடம் வெச்சிருக்கேன்."

மறுநாள் படிவம். தவமிருந்து கேட்ட வரம். பிரிட்டாவின் வாய் பத்தொன்பது வருடப் பழக்கத்தில் தானாகத் திறந்து சொல்லியது: "ஐயோ, வேண்டாங்க. என்னைவிடத் தகுதியானவங்க இருப்பாங்க."

ட்ரெவினோ "அப்படியா" என்று அடுத்த கோப்பைப் பிரித்தார்.

தன் வாயாலேயே குடி கெட்டது. திரும்பிப் போய், நான் சொன்னது அது இல்லை என்று விளக்குவதா? அவர்கள் பரம்பரையில் யாரும் செய்யாத காரியம். நல்லவேளை, அந்த ஊரில் வெளியே கிளம்புவதற்கே கால் மணி நேரம் பிடிக்கும். கோட்டு, கழுத்துத் துணி, ஒரு பூட்ஸ், இன்னொரு பூட்ஸ். அன்று அவள் அவற்றை ஒரு மணப்பெண்ணின் நிதானத்தோடு அணிந்தாள். இரண்டாவது கையுறையில் விரல் நுழையும்போது ட்ரெவினோ தலை நிமிர்ந்தார்.

"பிரிட்டா, இப்ப சொன்னது முதல் 'வேண்டாம்'தானே?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"அது ரெண்டு. வேலைக்கு வர்றியா?"

"உங்களுக்குச் சிரமமில்லேன்னா, வர்றேன்."

செய்தி கேட்ட லைல் ஸ்பானரைக் கீழே வைத்து, "பரவாயில்லை" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அந்தக் குடும்பத்தில் இதுவரை புழங்கியதில்லை. மறுநாள் படிவத்தில் பிரிட்டா 'சமூகவியல்' என்று பேனாவால் எழுதினாள்.

இருபத்து நான்கு வருடமாகிறது. அதே அலுவலகத்தில் இன்று அவளே தலைமை. ஒவ்வொரு பிப்ரவரி முடிவிலும் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டு, டெக்சாஸில் ஓய்விலிருக்கும் ட்ரெவினோவுக்கு அனுப்புகிறாள். "இந்த வருஷம் வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று அவர் போனில் இரண்டு தரம் மறுக்கிறார். நன்றி என்று நேராக எழுத பிரிட்டாவுக்கு இன்னும் கை வரவில்லை. டப்பாவுக்குள் வைக்கும் சீட்டில் வருடாவருடம் ஒரே வரிதான்: "நிறையச் சுட்டுட்டேன். மிஞ்சினா வீணாப் போகும்."