வெற்றிலை வாசம்

என் கணவர் லாரி ஓட்டுநர். அப்போது எங்கள் ஒசூரில் மதுவிலக்கு. அதனால் எல்லை தாண்டி, மைசூர் ராஜ்ஜியத்தில் குடித்துவிட்டு ஓட்டி, அங்கேயே ஆனேக்கல் கோர்ட்டில் தண்டனை வாங்கினார். பிறகு குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். நானா நம்புவேன்? தினமும் வாசலிலேயே நிறுத்தி, வாயை முகர்ந்த பிறகுதான் சோறு போடுவேன்.

அடுத்த வருஷம் ராயக்கோட்டையில் அவர் லாரி ஒரு மாட்டுவண்டியில் மோதியது. வண்டிக்காரர் முனியப்பாவுக்குக் கால் முறிந்தது. வீட்டுக்கு வருவதற்குள் போலீஸ் இவரைப் பிடித்துக்கொண்டு போனது.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் அரசு வக்கீல், "ஆனேக்கல்லில் குடித்து ஓட்டியவர், இங்கேயும் குடித்துத்தான் ஓட்டியிருப்பார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முனியப்பா கூண்டேறினார். "சாமி, இவுருதான் என்னைக் கையில ஏந்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. 'ஒண்ணுமில்லண்ணா'ன்னு வழியெல்லாம் அழுதாரு. மூஞ்சியோட மூஞ்சி ஒட்டியிருந்துச்சுங்க. வெத்தல வாசம்தான் வந்துச்சு. சாராய நாத்தம் இல்லீங்க."

குடித்த குற்றம் நிற்கவில்லை. கவனக்குறைவுக்கு மட்டும் அபராதம் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், பழக்கப்படி அவர் வாசலில் முகத்தைத் தாழ்த்தி நின்றார். நான் கால் கழுவத் தண்ணீர்ச் செம்பை நீட்டினேன்.

"மோந்து பாக்கலியா?"

"அந்த அண்ணன் பாத்துட்டாரு. உள்ள வாங்க."