யார் தயவும் வேண்டாத பொட்டலம்

"லோகத்துல எந்தப் பொட்டியில வேணா போடுங்கோ, ஓடும். என் பேக்கேஜுக்கு எவன் தயவும் வேண்டாம்."

திருவள்ளூர் பராசரன் இந்த வாக்கியத்தை அருளியது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு இரும்புக் கம்பி ஆலையின் கேண்டீனில், மோர்க்குழம்பை எதிர்பார்த்துக் காத்திருந்த வேளையில். எதிரே இருந்த ஸ்டோர்ஸ் குமாஸ்தா, "அப்போ அப்பளம் வேணாமா சார்?" என்று கேட்டு அதை எடுத்துக்கொண்டார். மகான்களின் வாக்கு முதலில் விழும் இடம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

பராசரன் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் மடப்பள்ளியில், தம்பி பாராயண கோஷ்டியில். இவர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் போனார் என்று வீட்டில் வருத்தம் உண்டு. ஆனால் குடும்ப வழக்கத்தை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. ஒரு முறை எழுதிய நிரலை மனிதர் எவரும் திருத்தக்கூடாது என்பதில் அண்ணனைவிடக் கண்டிப்பு. சென்னையில் ஒரு கம்பெனியில் சில காலம் இருந்தார். அங்கே நாலு பேர் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்றார்கள். நாலு பேரில் தகுதியானவர் தான் ஒருவரே என்று பராசரன் சொன்னார். மற்ற மூவர் அங்கேயே தங்கினார்கள். தகுதியானவர் கும்மிடிப்பூண்டிக்கு வந்தார்.

ஆலையில் அவருக்காக ஒரு பெரும்பணி காத்திருந்தது. பழைய இரும்பு ஏற்றி வரும் லாரி வாசலில் எடைமேடையில் ஏறி நிற்கும். சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இரும்பு. இதைக் கணக்கிட்டுச் சீட்டு அடிக்க ஒரு நிரல் வேண்டும் என்றார் மேனேஜர் அன்புசெல்வன். பராசரன் ஜாவாவில் எழுதுவதாகவும் லினக்ஸில் ஓட்டுவதாகவும் சொன்னார்.

"இலவசம்தானே? போடுங்க."

"இலவசம்னு சொல்லப்படாது சார். அது சுதந்திரம்."

"சுதந்திரத்துக்கு பில் வருமா?"

"வராது."

"அப்ப போடுங்க."

லினக்ஸ் உலகில் ஒரு மென்பொருளைப் பேக்கேஜாக, அதாவது பொட்டலமாகக் கட்டித்தான் கொடுப்பார்கள். பொட்டலத்தோடு ஒரு சீட்டு இருக்கும். கட்டியவர் யார், இது என்ன வேலை செய்யும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இது ஓட வேறு என்னென்ன வேண்டும் என்று ஒரு வரியும் உண்டு. கணினி அந்த வரியைப் படித்து, வேண்டியதை இணையத்திலிருந்து தானே இறக்கி வைத்துக்கொள்ளும். பிற்பாடு அதை வேண்டாத குப்பை என்று கழித்துவிடவும் செய்யாது. ஜாவாவில் எழுதிய நிரல் ஜாவா இல்லாமல் ஓடாது. ஆகவே அந்த வரியில் ஜாவா என்று ஒரு சொல் எழுத வேண்டும். பொட்டலம் கட்டுகிற எல்லாரும் எழுதுகிறார்கள்.

பராசரன் எழுதவில்லை. மறதி என்று யாரும் அவரை அவமதிக்க வேண்டாம். அது கொள்கை.

"அது என்ன வரி தெரியுமோ?" என்று குமாஸ்தாவிடம் விளக்கினார். "பவதி பிக்ஷாந்தேஹி. எனக்கு இது வேணும், அது வேணும்னு வாசல்ல நின்னு கேக்கறது. என் பேக்கேஜ் கேக்காது."

அவருடைய லேப்டாப்பில் பொட்டலம் ஓடியது. அங்கே ஜாவா எப்போதும் இருந்தது. எடைமேடைக் கணினியிலும் ஓடியது. அங்கே கடிதம் அடிக்கிற ஒரு மென்பொருளை முன்பே யாரோ போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு வந்தவரோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றுவிட்ட மச்சான் மாதிரி, அதனோடு ஜாவாவும் வந்து மூலையில் உட்கார்ந்திருந்தது. பராசரன் மச்சானைக் கவனிக்கவில்லை. தன் பொட்டலம் தன் காலில் நிற்கிறது என்று நம்பினார்.

எடைமேடை அறையில் சீட்டு அடிப்பவள் ஏஞ்சலின். பொன்னேரி பக்கத்து ஆரணிக்காரி. அம்மா ஞானம்மா பிறர் வயலில் நாற்று நட்டவர்; மகள் பி.காம். காண்ட்ராக்ட்டில் சேர்ந்து, காண்ட்ராக்ட்டிலேயே வருடங்கள் ஓடின. அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு ஆண்கள் பர்மனென்ட் ஆகி, கம்பெனி வேனில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போனார்கள். இவள் ஷேர் ஆட்டோவில் தொங்கினாள். இந்த வருடம் மேனேஜரே வாய் திறந்திருந்தார்: "ஆயுத பூஜை போகட்டும்மா. தீபாவளிக்குள்ள உனக்கு பர்மனென்ட் போட்டுடறேன்." அன்றிலிருந்து ஏஞ்சலின் நாற்காலியை நகர்த்தினால்கூடச் சத்தம் வராமல் நகர்த்தினாள்.

ஆனாலும் ஒரு குற்றம் செய்தாள். லாரி வராத ஒரு மத்தியானத்தில் பராசரன் திடீர் விஜயம் செய்தபோது, திரையில் வேறு ஏதோ இருந்தது.

"என்னம்மா இது?"

"சபை நோட்டீஸ் சார். அறுப்புப் பண்டிகைக்கு யார் யாரு இன்னா கொண்டாரணும்னு..."

"எடை போடற மெஷின்ல பூசணிக்காய் லிஸ்டா?"

"லாரி இல்லாத டைம்லதான் சார் அடிச்சேன்."

"நான் எழுதின புரோகிராம் ஓடற எடம்மா இது. கர்ப்பகிருகம் மாதிரி. இங்க வந்து பூசணிக்காயா?"

அவள் கண்ணெதிரிலேயே அந்தக் கடிதம் அடிக்கிற மென்பொருளை நீக்கினார். தண்டனை முழுமையாக இருக்கட்டும் என்று, அதனோடு வந்த எச்சசொச்சத்தையும் கழிக்கச் சொல்லிக் கணினிக்கு ஆணையிட்டார். கணினி பணிவுள்ளது. இவையெல்லாம் இனி யாருக்கும் தேவையில்லை என்று தெரிகிறது, நீக்கட்டுமா என்று கேட்டு, நீளமாகச் சில பெயர்களைக் காட்டியது. அவற்றில் ஜாவாவும் இருந்தது. ஜாவா வேண்டும் என்று எந்தச் சீட்டும் சொல்லவில்லையே, அது என்ன செய்யும்? பராசரன் பெயர்களைப் படிக்கவில்லை. அவர் ஏஞ்சலினின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சம்மதம் கொடுத்தார்.

எடைமேடை நிரல் அப்போதும் ஓடியது. ஜாவாவை அது முன்பே நினைவில் ஏற்றி வைத்திருந்தது. கணினியை அணைக்காதவரை ஓடும். கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்கும். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்தக் கணினியை அணைப்பார்கள்.

அது ஆயுத பூஜை. ஆலையில் பூஜை செய்வதும் பராசரனே. வெளியிலிருந்து ஐயரைக் கூப்பிட்டால் வண்டிச் சத்தம் கொடுக்க வேண்டும் என்பது மேனேஜரின் பக்தி. உருட்டாலைக்கு, கிரேனுக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம் மற்றவர்கள் பொட்டு வைத்தார்கள். எடைமேடைக் கணினிக்கு மட்டும் பராசரன் தன் கையால் திருமண் சாற்றி, மேலே சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்பினார்.

"ஆயுதம் இன்னிக்கு ஓய்வெடுக்கணும். அணைச்சுடும்மா."

"லாரி வந்தா சார்?"

"நாளைக்கு வரட்டும்."

அவர் சொல்லிக் கொடுத்தபடி, மவுஸால், முறைப்படி அணைத்தாள். அணைந்த திரையைப் பார்த்துக் கைகூப்பவும் செய்தாள். பர்மனென்ட் ஆகப்போகிறவள் எந்தப் பக்கமும் கும்பிட்டு வைப்பது தவறில்லை.

விஜயதசமி காலையில் கணினியைப் போட்டாள். விளக்கு எரிந்தது, திரை வந்தது, திருமண் பளிச்சென்று இருந்தது. நிரல் வரவில்லை. மறுபடி தட்டினாள். வரவில்லை. லாரிகள் சிப்காட் ரோடு வரைக்கும் நின்றன. முதல் லாரியின் டிரைவர், தடா பக்கத்துச் சுப்பிரமணி, சீட்டு வாங்கும் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, பொட்டிக்கு நாமம் போட்டியே, நாஷ்டா போடலியா?"

"கொஞ்சம் இருண்ணா. ஏற்கெனவே பேஜாரா கீது."

"நமக்கும் நாமந்தான் போல கீதே நைனா!" என்று பின்னால் நின்ற டிரைவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் ஹாரனால் பதில் சொன்னார்கள்.

மேனேஜர் வந்தார். பராசரனும் வந்து, தட்டிப் பார்த்தார்.

"என்ன சார், எந்தப் பொட்டியில போட்டாலும் ஓடும்னீங்க?"

"பேக்கேஜுக்கு ஒண்ணும் ஆகாது சார். மனுஷாதான் கோளாறு. யாரு அணைச்சா?"

எல்லோரும் ஏஞ்சலினைப் பார்த்தார்கள்.

"நீங்கதான சார் அணைக்கச் சொன்னீங்க?"

"அணைக்கச் சொன்னேன். இப்படியா அணைக்கச் சொன்னேன்?"

"நீங்க காட்டிக்குடுத்த மாதிரிதான் சார். மவுஸ்லதான் குட்த்தேன்."

"பட்டனை அமுக்கியிருப்பே. இல்லேன்னா சந்தனம் உள்ள எறங்கியிருக்கும். இவ்வளவு சந்தனத்தை யாரு அப்பச் சொன்னா?"

இவ்வளவு சந்தனத்தை அப்பியவர் யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் வாசலுக்கு வெளியே நீளும் லாரிகளைப் பார்த்தார். உடனடியாக யாரையாவது ஏதாவது செய்தாக வேண்டிய நிலை.

"காண்ட்ராக்டர்ட்ட சொல்லிடுங்க, வேற ஆள் அனுப்பட்டும். செக்யூரிட்டி, இவங்க பாஸை வாங்கிக்கோ."

ஏஞ்சலின் பாஸைக் கழற்றிக் கொடுத்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் ஷேர் ஆட்டோவுக்காக நின்றாள். மேனேஜர் பூரி சாப்பிடக் கேண்டீனுக்குப் போனார்.

தனியாக விடப்பட்ட பராசரன் கணினிக்கு ஆணையிடுகிற கறுப்புத் திரையைத் திறந்து, ஜாவா எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றது கணினி. அவருக்குப் பூசணிக்காய் லிஸ்ட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிட்டு, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பொட்டலத்தின் சீட்டில் அந்த வரியை எழுதினார். ஒரு சொல்தான். புதிதாகக் கட்டிய பொட்டலத்தை எடைமேடைக் கணினியில் போட்டார். அது சீட்டைப் படித்து, ஜாவாவை இறக்க வேண்டும், இணையம் எங்கே என்றது.

இணையம் ஆபீசில் இருந்தது. விஜயதசமி லீவில் ஆபீஸ் பூட்டியிருந்தது. சாவி அக்கவுண்டன்ட்டிடம், அக்கவுண்டன்ட் ஆர்.கே.பேட்டையில், மாமியார் வீட்டில். பராசரனிடம் இருந்தது பட்டன் போன். ஸ்மார்ட்போன் என்பது அடிமை விலங்கு என்று கேண்டீனில் அவரே பலமுறை நிரூபித்திருக்கிறார். மேனேஜரின் போனைக் கேட்டால் எதற்கு என்று கேட்பார். டிரைவர்களைக் கேட்டால் தடா வரைக்கும் சொல்லிக்கொண்டே போவார்கள். எதற்கு என்று கேட்கும் நிலையில் இல்லாத ஒரே ஆள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

ஜன்னலைத் திறந்தார். "ஏஞ்சலின்... உன் போன்ல நெட் இருக்காம்மா?"

அவள் ஓடி வந்தாள். பாஸ் இல்லாததால் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. அதனால் லாரிக்காரர்கள் சீட்டு வாங்குகிற ஜன்னலுக்கு வெளியே, எடைமேடைமேல் ஏறி நின்றாள். உள்ளேயிருந்து கணினி வயரை நீட்டினார் பராசரன். போனில் சொருகிக் கீழே வைத்தால் இணையம் நின்று போனது.

"போன்ல ஒயர் சொருவுற எடம் லூஸு சார். தூக்கிப் புடிச்சாத்தான் ஏறும்."

"புடி."

இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஜாவா இறங்கத் தொடங்கியது, மெதுவாக. ஷேர் ஆட்டோ வந்தது, ஹாரன் அடித்தது, போய்விட்டது.

"இன்னாம்மா, வேலைய வுட்டுத் தொரத்திட்டு வெளில நிக்க வச்சி வேல வாங்கறாரா சாமி?" என்றார் சுப்பிரமணி.

"நீ சும்மா இருண்ணா."

பராசரனின் பட்டன் போன் அடித்தது. மேனேஜர்.

"ஆமா சார்... இல்ல சார், பேக்கேஜ் நன்னாத்தான் இருக்கு. ஆபரேட்டர் பண்ணின கோளாறுதான். கொஞ்ச நேரத்துல சரி பண்ணிடறேன்... ஆமா, அவளை எடுத்தது எடுத்ததுதான். சரி சார்."

ஜன்னலுக்கு வெளியே இதெல்லாம் தெளிவாகக் கேட்டது. ஏஞ்சலினின் கை கொஞ்சம் இறங்கியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றது. பராசரன் பதறி எழுந்தார்.

"ஆட்டாதே, ஆட்டாதே!"

அவள் போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"சார், இது இல்லாங்காட்டி உங்க புரோகிராம் ஓடாதா?"

பராசரன் லாரிகள் நின்ற பக்கம் பார்த்தார். சுப்பிரமணி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பராசரன் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டவைத்து, மேனேஜருக்கோ டிரைவர்களுக்கோ கேட்காத குரலில் சொன்னார்.

"ஓடாதும்மா. கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கோ."